மூன்று கட்டடங்களில் 14 டிஜிட்டல் கடிகாரங்கள்: நொடி ஒன்றாக மாற என்ன செய்யலாம்?

#1 நொடிமுள்

மூன்று கட்டடங்கள், 14 சுவர்க் கடிகாரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இஎஸ்பி32 (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்), நான்கு அங்குல செவன் செக்மென்ட் இலக்கங்கள் ஆறு, அவற்றை ஓட்ட டிபிஐசி6பி595 என்ற ஷிஃப்ட் ரிஜிஸ்டர் ஐசி ஆறு. எல்லாமே வைஃபை வழியாக மணிக்கு ஒருமுறை இணையத்தில் உள்ள என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரம் தரும் முறை) சர்வரிடம் நேரம் கேட்கின்றன.

மணியும் நிமிடமும் சரி. நொடிதான் பிரச்சினை. ஒரே தாழ்வாரத்தில் இரண்டு கடிகாரங்கள் கண்ணில் படும் இடத்தில் நின்றால், ஒன்று மாறி முக்கால் நொடி கழித்து மற்றது மாறுகிறது. மின்சாரம் போய் வந்தால் சில கடிகாரங்கள் 1970-ஆம் ஆண்டின் தேதியோடு எழுந்து, பல நிமிடங்கள் அப்படியே நிற்கின்றன. கட்டடத்துக்கு ஒரு கடிகாரம் மணியடிக்கும் ரிலேயையும் ஓட்டுகிறது. எப்போதாவது ஒரே மணி இரண்டு முறை அடிக்கிறது.

ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கினால் இதெல்லாம் தீருமா? அல்லது வைஃபையை விட்டுவிட்டு தனி கேபிள் இழுக்க வேண்டுமா?

#2 துடிப்பு

ஜிபிஎஸ் வாங்குவதற்கு முன் நிரலைத் திறந்து ஒரு இடத்தைப் பாருங்கள். என்டிபி பாக்கெட் 48 பைட். அதில் கடைசி எட்டு பைட்டுகள்தான் சர்வர் பதில் அனுப்பிய நேரம். முதல் நான்கு பைட் முழு நொடி, அடுத்த நான்கு பைட் நொடியின் பின்னம். ஆர்டுயினோவுக்கென்று பரவலாகப் பயன்படும் எளிய லைப்ரரிகளில் முழு நொடியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னத்தை அப்படியே விட்டுவிடும் வழக்கம் உண்டு. சர்வர் 25.80 நொடி என்று சொன்னால் உங்கள் கடிகாரம் 25.00 என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணமே 0.8 நொடி பின்தங்கிவிட்டது. ஒவ்வொரு கடிகாரமும் வெவ்வேறு கணத்தில் கேட்பதால் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பிழை. உங்கள் முக்கால் நொடி பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, டிஸ்ப்ளேயை எப்போது புதுப்பிக்கிறீர்கள்? நிரல் தொடங்கிய கணத்திலிருந்து ஒவ்வொரு 1000 மில்லி நொடிக்கும் ஒருமுறை நேரத்தைப் படித்துக் காட்டினால், நேரம் மைக்ரோநொடி வரை துல்லியமாக இருந்தாலும் திரையில் ஒரு நொடி வரை தாமதமாகவே தெரியும். அந்த 1000 மில்லி நொடிச் சுற்று எங்கே தொடங்கியதோ அங்கேயேதான் ஓடும். நொடியின் விளிம்போடு அதற்குத் தொடர்பே இல்லை.

இரண்டையும் சரிசெய்யாமல் ஜிபிஎஸ் போட்டால் நல்ல நேரம் வாங்கித் தவறாகக் காட்டுவீர்கள்.

#3 நொடிமுள்

பின்னம் விட்டுப்போயிருந்தது உண்மைதான், லைப்ரரியைத் திறந்து பார்த்தேன். டிஸ்ப்ளேயும் நீங்கள் சொன்ன மாதிரிதான் ஓடுகிறது. இப்போது இஎஸ்பி32-இன் சொந்த எஸ்என்டிபி (எளிமையாக்கிய என்டிபி) நிரலுக்கு மாற்றி, நொடி விளிம்பில் புதுப்பிக்கும்படி எழுதினேன். நிறைய முன்னேற்றம். ஆனாலும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டு கடிகாரங்களுக்கு இடையே ஒரு சின்ன "தடுக்கல்" தெரிகிறது, அதுவும் மணிக்கு மணி மாறுகிறது.

#4 பச்சைஎல்இடி

அது வைஃபை பவர் சேவ். இஎஸ்பி32 ஸ்டேஷன் மோடில் இருக்கும்போது இயல்பாகவே ரேடியோவை அணைத்து அணைத்துத்தான் ஓட்டும். அணைந்திருக்கும் நேரத்தில் வரும் பாக்கெட்டை ஆக்சஸ் பாயின்ட் தன்னிடமே பிடித்து வைத்திருந்து, அடுத்த பீக்கன் (ஆக்சஸ் பாயின்ட் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பு) போன பிறகுதான் கொடுக்கும். பீக்கன் இடைவெளி பொதுவாக 102.4 மில்லி நொடி.

இதில் கவனிக்க வேண்டியது, தாமதம் ஒரு பக்கம் மட்டும்தான். நீங்கள் அனுப்பும் கேள்வி உடனே போய்விடும். பதில்தான் காத்திருக்கும். என்டிபி கணக்கு போகும் நேரமும் வரும் நேரமும் சமம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது:

பிழை = ((டி2 − டி1) + (டி3 − டி4)) ÷ 2

டி1 நீங்கள் கேள்வி அனுப்பிய நேரம், டி2 அது சர்வருக்கு வந்த நேரம், டி3 சர்வர் பதில் அனுப்பிய நேரம், டி4 பதில் உங்களிடம் வந்த நேரம்.

போக 3 மில்லி நொடி, வர 90 மில்லி நொடி என்று வைத்துப் பாருங்கள். உங்கள் கடிகாரம் மிகச் சரியாகவே இருந்தாலும் விடை (3 − 90) ÷ 2 = −43.5 வரும். கடிகாரம் தன்னை 43.5 மில்லி நொடி பின்னால் தள்ளிக்கொள்ளும். போகவர நேரத்தைக் கழிக்கவே கழிக்காத நிரல் என்றால் முழு 90-உம் பிழை.

சுவர் மின்சாரத்தில் ஓடும் கடிகாரத்துக்கு பவர் சேவ் எதற்கு? வைஃபை இணைந்தவுடன் ஸ்லீப்பை நிறுத்தும் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். மறுபடி இணையும்போதும் அது நிறுத்தப்பட்டே இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

இன்னொன்று: ஒரே ஒரு பதிலை நம்ப வேண்டாம். 2 நொடி இடைவெளியில் எட்டு முறை கேளுங்கள். போகவர நேரம் எதில் மிகக் குறைவோ அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ஏழையும் விட்டுவிடுங்கள். சராசரி எடுக்கக் கூடாது. தாமதம் எப்போதும் கூடும் திசையிலேயே வருவதால் சராசரியும் அந்தப் பக்கமே சாயும். ஒரு பதிலின் பிழை அதன் போகவர நேரத்தில் பாதியைத் தாண்டாது. 6 மில்லி நொடியில் திரும்பிய பதில் அதிகபட்சம் 3 மில்லி நொடிதான் பொய் சொல்லும்.

#5 செம்புக்கம்பி

வைஃபையோடு இவ்வளவு போராடுவதற்கு ஒரு ஜோடி முறுக்குக் கம்பி போதும். ஆர்எஸ்-485 என்ற கம்பிவழித் தொடர்பு முறையில் ஒரு மாஸ்டர் வைத்து 14 கடிகாரங்களையும் ஓட்டலாம். ஒரே லைனில் 32 சாதனங்கள், 1200 மீட்டர் வரை. கம்பியில் சிக்னல் போக மீட்டருக்குச் சுமார் 5 நானோ நொடி, ஆக ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோநொடி. பீக்கன், பவர் சேவ் எதுவும் கிடையாது.

செய்முறை இப்படி. நொடி பிறப்பதற்கு 300 மில்லி நொடி முன்பாகவே "அடுத்த அடையாளம் 10:15:00" என்ற வாக்கியத்தை அனுப்பிவிட வேண்டும். சரியாக நொடி பிறக்கும்போது ஒரே ஒரு பைட். அந்த பைட்டின் ஸ்டார்ட் பிட் விளிம்புதான் நொடி. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பைட்டுக்கு 1.04 மில்லி நொடி ஆவதால், 20 பைட் வாக்கியத்தின் கடைசி எழுத்து வந்த பிறகுதான் நொடியை மாற்றுவேன் என்றால் 21 மில்லி நொடி போய்விடும். முன்கூட்டிச் சொல்லி, பிறகு தட்டுவதுதான் சரி.

வயரிங்கில் மூன்று விஷயம். நட்சத்திர வடிவில் கிளை பிரிக்காதீர்கள், ஒன்றிலிருந்து ஒன்றாக வரிசையாகப் போக வேண்டும். லைனின் இரு முனைகளிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர், நடுவில் எங்கும் வேண்டாம். யாரும் பேசாத நேரத்தில் லைன் மிதக்காமல் இருக்க ஓரிடத்தில் மட்டும் 680 ஓம் இரண்டு: ஒன்று ஏ கம்பியிலிருந்து 5 வோல்ட்டுக்கு, ஒன்று பி கம்பியிலிருந்து கிரவுண்டுக்கு. ஏ, பி பெயர்கள் ஐசிக்கு ஐசி மாறும், மேக்ஸ்485 என்ற ஆர்எஸ்-485 ஐசியில் ஏ தான் நேர்முனை. இரண்டு 120 ஓம் சேர்ந்து 60. 5 × 60 ÷ 1420 = 0.211 வோல்ட். ரிசீவருக்கு 0.2 வோல்ட் தேவை, கிடைத்துவிடுகிறது. இந்த இரண்டு ரெசிஸ்டர் இல்லாத லைனில்தான் அர்த்தமில்லாத எழுத்துகள் வந்து கடிகாரம் திடீரென்று 77:85 காட்டும்.

#6 வயரிங்காரர்

ஒரே கட்டடத்துக்குள் என்றால் நீங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். கட்டடத்துக்குக் கட்டடம் செம்புக் கம்பி இழுப்பதைத்தான் கடுமையாக எதிர்க்கிறேன்.

இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரே வோல்ட்டேஜில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆர்எஸ்-485 தாங்கும் பொது வோல்ட்டேஜ் −7 முதல் +12 வரைதான். பக்கத்தில் எங்கோ இடி இறங்கினால் இரு எர்த்துகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அது உங்கள் மெல்லிய கம்பி வழியாகவே பாயும். லைனில் இருக்கும் மேக்ஸ்485 அத்தனையும் ஒரே இரவில் போய்விடும். திடீர் வோல்ட்டேஜை அடக்கும் டிவிஎஸ் டயோடு சிறு அதிர்வுகளுக்குத்தான் உதவும், இதற்கு அல்ல.

கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் போடுங்கள். கண்ணாடி மின்சாரம் கடத்தாது. ஈதர்நெட் செம்புக் கேபிளுக்கு இருக்கும் 100 மீட்டர் வரம்பும் அதில் இல்லை. பெரும்பாலான வளாகங்களில் கணினி நெட்வொர்க்குக்காக ஃபைபர் ஏற்கெனவே போயிருக்கும். அதே ஃபைபரில் என்டிபி போகட்டும். ஒவ்வொரு கட்டடத்துக்கு உள்ளேயும் வேண்டுமானால் ஆர்எஸ்-485 கிளை. அல்லது கடிகாரத்திலேயே ஈதர்நெட்: டபிள்யூ5500 சிப் எஸ்பிஐ வழியாக எந்த மைக்ரோகன்ட்ரோலரோடும் சேரும். லேன்8720 என்ற ஈதர்நெட் சிப் என்றால் இஎஸ்பி32-இன் ஜிபிஐஓ0 பின்னில் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வரும் போர்டுகளில் கவனம். அதே பின்தான் பூட் மோடைத் தீர்மானிப்பது. பவர் கொடுக்கும் நேரத்தில் கிளாக் ஓடிக்கொண்டிருந்தால் சில முறை பூட் ஆகும், சில முறை ஆகாது. ஆசிலேட்டரின் எனேபிள் பின்னை இன்னொரு ஜிபிஐஓவில் கட்டி, பூட் ஆன பிறகு திறக்க வேண்டும்.

#7 துடிப்பு

வைஃபையா கேபிளா என்பதைவிட இதை முதலில் தீர்மானியுங்கள்: கடிகாரம் தன் நேரத்தைத் தானே ஓட்ட வேண்டும். நெட்வொர்க் அதைத் திருத்துவதற்கு மட்டும். நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை வாங்கி வாங்கிக் காட்டும் பெட்டியாக அமைத்தால் நெட்வொர்க்கின் ஒவ்வொரு விக்கலும் சுவரில் தெரியும்.

இஎஸ்பி32 போர்டின் 40 மெகாஹெர்ட்ஸ் படிகம் ±10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) என்று கொண்டால் மணிக்கு 36 மில்லி நொடி விலகும். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடினால் அடுத்த திருத்தத்துக்குள் 72. நொடிமுள் சொன்ன "மணிக்கு மணி மாறும் தடுக்கல்" இதனோடு பவர் சேவும் சேர்ந்ததுதான். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் செராமிக் ரெசனேட்டர் 0.5 சதவீதம் வரை விலகலாம், அதாவது நாளுக்கு 7 நிமிடம். அதை வைத்துக் கடிகாரம் செய்யவே கூடாது.

டிஎஸ்3231 என்ற நேரம் காக்கும் சிப்பைப் போடுங்கள். 0 முதல் 40 டிகிரி வரை ±2 பிபிஎம், நாளுக்கு 0.17 நொடி. ஆனால் அதை எழுதும் முறையில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். அந்தச் சிப்பில் நொடி ரிஜிஸ்டரை எழுதும் கணத்தில் உள்ளே இருக்கும் எண்ணிச் சங்கிலி பூஜ்யத்துக்குத் திரும்பும். நீங்கள் எழுதிய கணம்தான் அதற்கு நொடியின் தொடக்கம். 25.60-இல் "25" என்று எழுதினால் நிரந்தரமாக 0.6 நொடி பின்தங்கி ஓடும். ஆகவே:

நேரம் தெரிந்ததும் உடனே எழுதாதீர்கள். அடுத்த முழு நொடி வரை காத்திருந்து, விளிம்பு வந்த கணத்தில் புதிய நொடியை எழுதுங்கள். நிமிடம், மணி, தேதி எல்லாவற்றையும் அதன்பின் ஒரு நொடிக்குள் எழுதி முடித்துவிடுங்கள்.

அதன் எஸ்கியூடபிள்யூ (சதுர அலை) பின் தொடக்கத்தில் அலாரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். 14-ஆம் (டெசிமல்) ரிஜிஸ்டரில் 0 எழுதினால் 1 ஹெர்ட்ஸ் சதுர அலை வரும். திறந்த ட்ரெயின் (கீழே மட்டும் இழுக்கும்) என்பதால் அதை மேலே இழுக்க 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் தேவை. விழும் விளிம்புதான் புதிய நொடி. எழுதி 500 மில்லி நொடி கழித்து அலை மேலே ஏறுவதைப் பார்த்தால் சரியாக எழுதினீர்கள் என்று உறுதி.

படிகம் வயதாகி விலகுவதைத் திருத்த 16-ஆம் ரிஜிஸ்டர். 25 டிகிரியில் ஒரு படி ஏறக்குறைய 0.1 பிபிஎம். நேர்மறை எண் மெதுவாக்கும். ஒரு வாரத்தில் அரை நொடி முந்தினால் 0.5 ÷ 604800 = 0.83 பிபிஎம். +8 எழுதுங்கள்.

#8 பச்சைஎல்இடி

டிஎஸ்3231 என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். இசட்எஸ்-042 என்று அச்சிட்ட நீல நிற மாட்யூலில் பேட்டரியை சார்ஜ் செய்ய ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும் இருக்கும். அது எல்ஐஆர்2032 என்ற ரீசார்ஜ் பேட்டரிக்கானது. சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் அது நாள் முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கும். பேட்டரி உப்பும், கசியும். அந்த 200 ஓம் ரெசிஸ்டரைச் சூடு வைத்து எடுத்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை. 14 மாட்யூலிலும் எடுங்கள்.

#9 நொடிமுள்

பவர் சேவை நிறுத்தினேன், எட்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் முறையும் வந்துவிட்டது. தடுக்கல் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணை நம்பாமல் அளக்க வழி இருக்கிறதா? வேறு வேறு கட்டடத்துக் கடிகாரங்களை ஒரே கேமராவில் பிடிக்க முடியாதே.

#10 துடிப்பு

ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். இரண்டையும் மூன்றாவது ஒன்றோடு ஒப்பிடுங்கள். நியோ-6எம் மாதிரி ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், பவர் பேங்க், நொடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் பின்னில் 1 கிலோ ஓம் வழியாக ஒரு எல்இடி. இதுதான் கையடக்க அளவுகோல். ஜன்னலோரம் வைத்து, அது செயற்கைக்கோள்களைப் பிடித்ததும், எல்இடியைக் கடிகாரத்தின் நொடி இலக்கத்தோடு ஒரே உயரத்தில் பிடித்து, மொபைலில் விநாடிக்கு 240 ஃப்ரேமில் படம் எடுங்கள். ஒரு ஃப்ரேம் 4.2 மில்லி நொடி. எல்இடி எரிந்த ஃப்ரேமுக்கும் இலக்கம் மாறிய ஃப்ரேமுக்கும் இடையே எண்ணினால் போதும். ஒரே உயரம் ஏன் என்றால் மொபைல் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. எல்இடி மேலேயும் இலக்கம் கீழேயும் இருந்தால் அந்த வித்தியாசமும் கணக்கில் சேரும்.

இலக்கம் மாறும் கணத்தைச் சீராக்க: அடுத்த நொடியின் 48 பிட்டையும் 100 மில்லி நொடி முன்பே டிபிஐசி6பி595-க்குள் தள்ளிவிடுங்கள். உள்ளே தள்ளியதை இலக்கத்தில் காட்டும் லாட்ச் பின்னை மட்டும் தட்டாமல் வைத்திருந்து, எஸ்கியூடபிள்யூ விழும் விளிம்பின் இன்டரப்டில் ஒரே தட்டு. ஆறு இலக்கமும் ஒன்றாக மாறும். வைஃபை வேலையில் பிராசசர் மூழ்கியிருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது.

#11 செம்புக்கம்பி

அந்த ஜிபிஎஸ்ஸை ஏன் கையில் மட்டும் வைத்திருக்க வேண்டும்? உள்ளூர் சர்வருக்கும் அதையே போடலாம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, பிபிஎஸ் ஒரு ஜிபிஐஓவில், க்ரோனி என்ற என்டிபி நிரல். இணையம் போனாலும் 14 கடிகாரமும் ஒரே நேரம் காட்டும்.

ஆனால் இரண்டு குழி உண்டு. பிபிஎஸ் துடிப்பு எந்த நொடி என்று சொல்லாது. அதைச் சொல்லும் என்எம்இஏ வாக்கியம் துடிப்புக்குப் பின்னால்தான் வரும், 9600 வேகத்தில் சில நூறு மில்லி நொடி கழித்து. அது ஏற்கெனவே கடந்த துடிப்பைக் குறிக்கிறது. அடுத்த துடிப்புக்குப் பொருத்திவிட்டால் வளாகம் முழுக்க மிகத் துல்லியமாக ஒரு நொடி பிந்தும். வேறு என்டிபி சர்வரோடு ஒப்பிட்டு ஒருமுறை உறுதிசெய்யுங்கள். அடுத்தது லீப் நொடி, அதாவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் கூடுதல் நொடி. ஜிபிஎஸ் நேரம் 2017 ஜனவரி 1 முதல் யுடிசியைவிட 18 நொடி முன்னால். பேட்டரி இல்லாமல் எழும் ரிசீவருக்கு அந்த எண் வானத்திலிருந்து வர 12.5 நிமிடம் வரை ஆகும். அதற்குள் அது சொல்லும் நேரம் ஒன்றிரண்டு நொடி பிசகலாம். முதல் 15 நிமிடம் நம்பாதீர்கள்.

#12 வயரிங்காரர்

மின்சாரம் போய் வரும் விஷயத்தை யாரும் தொடவில்லையே. ஸ்விட்சும் ஆக்சஸ் பாயின்ட்டும் எழுந்து நிற்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். கடிகாரம் மூன்று நொடியில் எழுந்துவிடும். நேரம் கேட்டு, பதில் இல்லாமல் தோற்று, அடுத்த முறை ஒரு மணி கழித்துத்தான் கேட்பேன் என்று உட்கார்ந்துவிடும். தோற்றால் 5 நொடி, 10, 20 என்று இரட்டித்து, 5 நிமிடத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் சின்ன தற்செயல் எண் சேருங்கள். அதுவரை டிஎஸ்3231-இன் நேரத்தைக் காட்டுங்கள், ஆனால் முதலில் 15-ஆம் ரிஜிஸ்டரின் 7-ஆம் பிட்டைப் பாருங்கள். அது 1 என்றால் ஆசிலேட்டர் இடையில் நின்றிருக்கிறது, அந்த நேரம் செல்லாது. கோடுகள் மட்டும் காட்டுங்கள்.

சர்வரும் அப்போதுதான் எழுந்திருக்கும். நேரம் தெரியாத சர்வர் அதைப் பதிலிலேயே சொல்லிவிடும், பலர் படிப்பதில்லை. முதல் பைட்டின் மேல் இரு பிட்டும் 1 என்றால் தள்ளுங்கள். ஸ்ட்ராட்டம் (மூல நேரத்திலிருந்து சர்வர் எத்தனை படி தள்ளி என்பது) 1 முதல் 15-க்குள் இல்லையென்றால் தள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய நேர முத்திரை திரும்பி வராவிட்டாலும் தள்ளுங்கள்.

#13 பச்சைஎல்இடி

இதோடு 2036-ஐயும் சேர்த்துவிடுங்கள், சுவரில் மாட்டிய கடிகாரம் அதுவரை இருக்கும். 1900-இலிருந்து எண்ணும் என்டிபியின் 32 பிட் நொடி 2036 பிப்ரவரி 7 அன்று பூஜ்யமாகும். 1970-க்கு மாற்ற 2208988800 கழிக்கிறோம். அதைக் குறியில்லா 32 பிட்டிலேயே கழித்தால் பூஜ்யத்திலிருந்து கழித்தாலும் சுற்றி வந்து 2085978496 கிடைக்கும், அது சரியான நேரம்தான். 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் 1900-க்குப் போய்விடும். கழித்த பிறகு 64 பிட்டில் வையுங்கள், குறியுள்ள 32 பிட் நொடி நிரம்பும் 2038 சிக்கலும் தீரும்.

#14 நொடிமுள்

இரட்டை மணி மட்டும் பாக்கி.

#15 துடிப்பு

கடிகாரம் பின்னோக்கிக் குதிப்பதுதான் காரணம். 10:15:00-இல் மணி அடித்தது, 10:15:00.03-இல் திருத்தம் வந்து 10:14:59.98-க்குப் போனது, மறுபடி 10:15:00 வந்தது, மறுபடி அடித்தது. சிறு பிழைகளை மெல்ல மெல்லக் கரையுங்கள். இஎஸ்பி32-இல் மென்மையான திருத்த முறை உண்டு, இயல்பாக அது தேர்வில் இருக்காது. மணிக்கு "சமமா" என்று ஒப்பிடாதீர்கள். கடைசியாக அடித்த மணியின் தேதியையும் நிமிடத்தையும் ஃபிளாஷ் நினைவகத்தில் வையுங்கள். அடிக்க வேண்டிய நேரம் கடந்து 30 நொடிக்குள் இருக்கிறோமா, இது ஏற்கெனவே அடித்ததா, இந்த இரண்டையும் பார்த்து அடியுங்கள். குதித்தாலும் சரி, அந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆனாலும் சரி, ஒருமுறைதான் அடிக்கும்.

மணியின் மில்லி நொடியைத் துரத்த வேண்டாம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 100 மீட்டர் தள்ளியிருக்கும் கட்டடத்தின் மணி எப்படியும் 290 மில்லி நொடி பிந்தித்தான் காதில் விழும்.

#16 நொடிமுள்

புரிந்தது, மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: நெட்வொர்க் நீண்ட நேரம் இல்லையென்றால் பார்ப்பவருக்கு எப்படித் தெரிவிப்பது? எவ்வளவு நேரம் கழித்து?

#17 துடிப்பு

நடுவில் இருக்கும் இரு புள்ளிகளைப் பயன்படுத்துங்கள். சரியாக இருக்கும்போது சிமிட்டும், திருத்தம் கிடைக்காவிட்டால் சிமிட்டாமல் எரிந்துகொண்டே இருக்கும். எப்போது என்பதற்குக் கணக்கு: 100 மில்லி நொடி வரை பரவாயில்லை என்று வைத்துக்கொண்டால், 2 பிபிஎம்முக்கு 0.1 ÷ 0.000002 = 50000 நொடி, அதாவது 13 மணி 53 நிமிடம். கடைசி நல்ல திருத்தத்திலிருந்து அவ்வளவு நேரம் ஆனதும் சிமிட்டலை நிறுத்துங்கள். 16-ஆம் ரிஜிஸ்டரைச் சரிசெய்து அரை பிபிஎம்முக்குள் கொண்டுவந்த கடிகாரத்துக்கு இது இரண்டு நாளுக்கு மேல் நீளும், ஆனால் அறையின் வெப்பநிலை அதிகம் மாறாத இடங்களில் மட்டும் அந்த நீண்ட எல்லையை வையுங்கள்.